மூட முடியாத குழாய்

சென்னைப் புறநகர் நூம்பலில் இருக்கும் தாட்சாயிணி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருடம் சட்டைக் காலர் தைத்தவர். நாற்பத்திரண்டு வயது. முடக்குவாதம் வந்து நாலு வருடமாகிறது. காலையில் விரல்கள் மடங்காது. பத்து மணிக்கு மேல்தான் டம்ளரைப் பிடிக்கவே வரும். போன வருடம் வேலையை விட்டுவிட்டார்.

பூந்தமல்லியில் அவர் போகும் ஆஸ்பத்திரியில் நாள்பட்ட நோயாளிகளுக்கென்று வியாழக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். வலி வந்தால் விரட்டக் கூடாது, வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் தாட்சாயிணி, வகுப்பெடுத்த ஷோபனாவிடம் சொல்லிவிட்டார்: “பாக்கப் பாக்க வலி பெருசா ஆவுது மேடம். சும்மா இருந்தா இவ்ளோ தெரியல.”

“சிலருக்கு அப்படித்தான் இருக்கும். கண்ணத் திறந்துட்டு, பாதம் தரையில படறத மட்டும் கவனிங்க. அதுவும் முடியலன்னா விட்டுடுங்க” என்றார் ஷோபனா.

வீட்டில் செய்து பார்த்தபோது அழுகைதான் வந்தது. “வேணாம்மே, அந்த கிளாஸுக்கே போவாத” என்றார் கணவர் மோகன்.

ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி. மோகன் வேலைக்குப் போயிருந்தார். மகள் காவ்யா குழாயில் டியூபை மாட்டி டிரம்முக்குள் விட்டுவிட்டு, “ரொம்பினா மூடிடும்மா” என்று காலேஜுக்கு ஓடினாள். அவசரத்தில் அம்மாவின் கை அவளுக்கு நினைவில்லை. தாட்சாயிணியும் நினைவுபடுத்தவில்லை.

டிரம் நிறைந்தது. திருகும் குழாய். உள்ளங்கையால் தள்ளினார், துணியைச் சுற்றி மணிக்கட்டால் அழுத்தினார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். அசையவில்லை. தண்ணீர் வாசலைத் தாண்டி அறைக்குள் புகுந்தது. பாயும் அரிசி மூட்டையின் அடியும் நனைந்தன. மூட்டையை நகர்த்தவும் முடியவில்லை.

“இன்னாம்மே, தண்ணி ரோட்டாண்ட ஓடிகினு கீது, மூட மாட்டியா?” எதிர்வீட்டு வேம்புலியம்மாள் கத்தினார்.

வழக்கமாக ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். தெருவில் யாருக்கும் தெரியாமல்தான் நாலு வருடத்தை ஓட்டியிருந்தார். இன்று வேறு வழியில்லை.

“மூட முடியலக்கா. கை வரல.”

வேம்புலியம்மாள் வந்து, ஒரே திருகில் மூடினார். பிறகு அந்த வீங்கிய விரல்களைப் பார்த்தார். “எம்மா நாளா இப்டி கீது?” என்றார். தாட்சாயிணி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாதத்தில் தண்ணீர் சில்லென்று பட்டது. வலி இருந்தது, வெட்கம் இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. எதையும் தள்ளிவிடத் தெம்பில்லாமல், எல்லாவற்றையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, கொஞ்ச நேரத்தில் தானாக ஓய்ந்தது. வேம்புலியம்மாள் முறத்தால் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார்.

அந்த வருட மழைக்காலத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. டாக்டர் மாத்திரையை மாற்றினார். தாட்சாயிணி இப்போதும் வியாழக்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறார். சில நாள் ஐந்து நிமிடம் வலியைப் பார்த்தபடி உட்கார முடிகிறது. பல நாள் அதுவும் முடிவதில்லை.