அழித்த மூச்சுக்குறிகள்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. விஜயகலா இன்றைக்கும் இறக்குவானைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறாள். பொய் சொல்லிப் பேர் வாங்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பேய் என்றாலே சிரிக்கிறவர்கள் அவளிடம் பத்து நிமிஷம் பேசிப் பார்க்கட்டும். சிரிப்பு தானாக நின்றுவிடும்.

அவள் புருஷன் யோகராஜ். பகலில் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை. கல்யாண வீடுகளில் சாக்ஸபோன். சாக்ஸபோனிலும் அவனுடையது ஆல்டோ, மனுஷக் குரலுக்குக் கிட்டத்தில் பேசுகிற வாத்தியம். பட்டறைத் தூசி வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் போய்ப் படிந்து, நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தென்று எதுவும் இல்லை. ஊதுவதை விட்டால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம், அவ்வளவுதான்.

"ஊதாம சும்மா உக்காந்து மூச்சு விட்டு என்னத்த செய்ய?" என்றான் யோகராஜ். விஜயகலாவுக்கு அவன் மேல் கோபம். அவன் இல்லாத வீட்டை நினைத்தால் கோபத்தைவிடப் பெரிய பயம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாய்ப்பு வந்தது. மலைமேல் தோட்டத்து வெள்ளைக்கார மேலதிகாரி இருந்த பழைய பெரியதுரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். ஹாலில் சுவரோடு ஒட்டி ஒரு பியானோ. மாலைத் தேநீர் குடிக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுபது, எண்பதுகளின் ஆங்கிலக் காதல் பாட்டுகள் வேண்டும், பியானோவும் சாக்ஸபோனும் போதும் என்றார் மேனேஜர் ஷிராஸ். சனிக்கிழமை மூன்று பாட்டை நடுவில் நிறுத்தாமல் கோத்து வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் சீசன் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் யோகராஜுக்கு வேறு மேடை கிடைக்கப் போவதில்லை. இது இருவருக்கும் தெரியும்.

பாட்டுகளை இரண்டு வாத்தியத்துக்கும் பிரித்து எழுதுவது விஜயகலாவின் பொறுப்பு. சின்ன வயதில் கான்வென்டில் சிஸ்டர்மாரிடம் பியானோ படித்தவள். பியானோவில் ஒரு சுரம் என்றால், அதே சத்தம் வர ஆல்டோவுக்கு வேறொரு சுரத்தை எழுத வேண்டும். ஒவ்வொன்றாக இடம் மாற்றி எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. இந்தப் பாட்டுகளின் வரிகள் நீளமானவை. நெஞ்சு நிறையக் காற்று உள்ளவர்கள் இழுத்துப் பாடிய வரிகள். யோகராஜிடம் அந்தக் காற்று இல்லை. அதனால் வரிக்கு நடுவே, சுரங்களுக்கு மேலே, பென்சிலால் சின்னதாக ஒரு காற்புள்ளி போடுவாள். அதுதான் மூச்சுக்குறி. அங்கே அவன் மூச்சு எடுப்பான். அந்த வெற்றிடத்தைப் பியானோ நிரப்பும். போன மாதம் வரிக்கு ஒன்று போட்டாள். இந்த மாதம் மூன்று.

"என்ன கலா, பாட்டு பூரா ஓட்ட போட்டு வச்சிருக்க? இடியாப்ப ஒரல் மாதிரி!" என்று அவன் கேலி பண்ணுவான்.

"பேசாம வாசிங்க" என்பாள். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும்.

பியானோவை நகர்த்த முடியாது. அவள் சுவரைப் பார்த்து உட்கார, அவன் அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வராந்தாவில் நிற்பான். முகம் பார்த்து வாசிக்க வழியில்லை. அவன் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் அடுத்த வரிக்குக் கை வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் பழக்கம்.

புதன்கிழமை பிற்பகல். ஒத்திகை. வெளியே ஊற்று ஊற்றென்று மழை. முதல் பாட்டு முடியும்போது ஒரு இடி. கரண்ட் போனது.

விஜயகலா நிறுத்தவில்லை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். இரண்டாவது பாட்டைத் தொடங்கினாள். பின்னால் சாக்ஸபோனும் சேர்ந்துகொண்டது. ஆனால்... மூச்சு இழுத்த சத்தம் கேட்கவில்லை.

மழைச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தாள்.

முதல் மூச்சுக்குறி வந்தது. நிரப்புவதற்குக் கை வைத்தாள். சாக்ஸபோன் நிற்கவில்லை. வரி அப்படியே நீண்டு அவள் வைத்த சுரத்தோடு முட்டியது. அடுத்த குறி. அங்கேயும் நிற்கவில்லை. அதற்கடுத்தது. ம்ஹும்.

வீம்பு பிடித்த மனுஷன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. "குறி போட்டிருக்குல்ல? மூச்சு எடுங்களேன்!" திரும்பாமலே கத்தினாள்.

வரி போய்க்கொண்டே இருந்தது. வழுக்கிக்கொண்டு, எங்கேயும் அறாமல். நோய் வருவதற்கு முன்னால்கூட அவன் இப்படி வாசித்ததில்லை. குணமாகிவிட்டதோ... பைத்தியக்கார நினைப்புத்தான். ஆனாலும் வந்தது. கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தோடு கடைசிவரை கூடவே வாசித்தாள்.

முடித்துவிட்டுத் திரும்பினாள்.

வராந்தாவில் யாரும் இல்லை.

சாக்ஸபோன் நாற்காலியில் கிடந்தது.

சமையலறைப் பக்கமிருந்து யோகராஜ் இரண்டு கோப்பை தேநீரோடு வந்தான். "கரண்ட் போனோடனே வச்சிட்டுப் போயிட்டேன். இருட்டுல பேப்பர் தெரியல. நீ யாரு கூட கத்திக்கிட்டிருந்த?"

அவள் போய்ச் சாக்ஸபோனைத் தூக்கினாள். ஊதிய சாக்ஸபோன் வெதுவெதுப்பாக இருக்கும். சாய்த்தால் உள்ளே சேர்ந்த எச்சில் நீர் சொட்டும். முதல் பாட்டை அவன் ஊதிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்படியும் அது ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது. சாய்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அவனிடம் எதுவும் சொல்லவில்லை. பயந்தால் அவனுக்கு இருமல் கூடும்.

மறுநாள் அவள் ஒற்றைக் கையால் வாசித்துக்கொண்டு, பாதி திரும்பி அவனையே பார்த்தபடி இருந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் அவனுக்கு இருமல் வந்தது. வாயை எடுத்தான். குனிந்தான். இருமினான்.

பாட்டு நிற்கவில்லை.

அவன் கையில் இருந்த சாக்ஸபோன் தானாக வாசித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கலா... நானில்ல."

"கீழ வச்சிருங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவன் கீழே வைக்கவில்லை. முகத்தில் பயம் மட்டும் இல்லை. ஆசையும் இருந்தது. மெதுவாக அதைத் திரும்ப வாயில் வைத்தான். விரல்களை ஓட்டினான். அந்த வரி முடிந்ததும் எடுத்தான்.

"நெஞ்சு நோவல கலா. நான் ஊதவே வேணாம். பிடிச்சிக்கிட்டு வெரல வச்சாப் போதும்."

"யாரு ஊதுறாங்கன்னு தெரியாதுங்க."

"யாரா இருந்தா என்ன? அவங்ககிட்ட மூச்சு இருக்கு, எங்கிட்ட இல்ல. சனிக்கெழம ஒரே ஒரு நாளு. நல்லா வாசிச்சான்னு நாலு பேரு சொல்லட்டும்."

விஜயகலா மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊதாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பான் என்றுதானே டாக்டர் சொன்னார்? அந்த நப்பாசை. குறியைப் பார்த்தால் பழக்கத்தில் அவள் கை போய் நிரப்பும், நிரப்பினால் சுரம் முட்டும். அதனால் வீட்டில் உட்கார்ந்து ரப்பரை எடுத்து, மூன்று பாட்டிலும் இருந்த மூச்சுக்குறிகளை ஒன்றுவிடாமல் அழித்தாள்.

சனிக்கிழமை மாலை. ஹாலில் வெளிநாட்டுக்காரர்கள். ஷிராஸ் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். விஜயகலா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தொடங்கினாள்.

முதல் பாட்டு. ஓர் இடத்திலும் அறவில்லை. பழக்கதோஷத்தில் அவள் காது அவன் மூச்சுச் சத்தத்தைத் தேடியது. கேட்கவில்லை.

நல்லது, அவன் ஊதவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டு. இன்னும் அழகு.

மூன்றாவது. ஹாலில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை.

கடைசிச் சுரம். அவள் கையை எடுத்தாள். கைதட்டினார்கள்.

சாக்ஸபோன் நிற்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது.

நிற்கவில்லை...

திரும்பினாள்.

யோகராஜ் நின்றுகொண்டிருந்தான். உதடு கறுத்திருந்தது.

ஓடிப்போய் அதை அவன் வாயிலிருந்து பிடுங்கினாள்.

அப்போதுதான் சத்தம் நின்றது.

அப்போதுதான் அவன் விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஊத விட்டீர்களா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு ஷிராஸ் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, அந்த வீடியோ எங்கிட்ட இருக்கு. காட்டுறதா வேணாமான்னு ரெண்டு மனசாயிருந்திச்சு. அன்னைக்கு எங்களுக்கு ஒண்ணுமே வெளங்கல. பாட்டுல ஊறிப்போய் நிக்கிறாருன்னு நெனச்சோம்."

போனைக் கையில் கொடுத்தார்.

முதல் பாட்டு. அவள் குறி அழித்த முதல் இடம் வந்தது. யோகராஜின் தோள் மேலே எழுந்தது. மூச்சு இழுக்கப் பார்க்கிறான். வாய் கழன்று வரவில்லை, மூக்கு விடைத்தும் காற்று ஏறவில்லை. அடுத்த இடம். தோள் எழுந்தது. வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் முதுகைப் பார்க்கிறான்.

இரண்டாவது பாட்டு. ஒரு கையை எடுத்து அவளை நோக்கி நீட்டுகிறான். எட்டவில்லை. கை மெல்லத் திரும்பிப்போய்ச் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டது.

நடுவில் இன்னொரு தரம் தோள் எழுந்தது. பாதிதான்.

பிறகு எழவில்லை.

கண் திறந்தே இருந்தது. சிமிட்டவில்லை.

"அக்கா..." என்றார் ஷிராஸ். "இதுக்குப் பொறகுதான் மூணாவது பாட்டு."

விஜயகலா அதையும் கடைசிவரை பார்த்தாள். அந்த விரல்கள் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.