லிஃப்ட் ஆய்வாளர் வாங்கிய கார்

அவர் வருகிறார் என்று தெரிந்தாலே கட்டடப் பொறுப்பாளர்கள் இயந்திர அறையைக் கூட்டித் துடைக்கத் தொடங்குவார்கள். இருபத்தெட்டு வருடங்களாக அவர் லிஃப்ட் ஆய்வாளர். மற்ற ஆய்வாளர்கள் லிஃப்டில் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்து, கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் பெட்டியின் கூரைமேல் ஏறி நிற்பார். இரும்புக் கயிற்றை முழம் முழமாகக் கையால் தடவிப் பார்ப்பார். கதவு மூடும் நேரத்தில் குடையை நடுவே நீட்டுவார்.

"போன வருஷம்தானே சார் பாத்தீங்க?" என்று யாராவது முனகினால், "போன வருஷம் நீங்க மூச்சு விட்டுக்கிட்டிருந்தீங்க. அதுக்காக இந்த வருஷம் பாக்க வேணாமா?" என்பார், சிரிக்காமல்.

அலுவலகத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். "சந்தேகம் சாப்பிட்டாச்சா?" என்று அவர் காதுபடவே கேட்பார்கள். அவர் கோபப்பட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அவருடைய மேலதிகாரி மேலே ஏறிப் பார்க்காமலே ஒரு லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவர் இவர். மூன்றாம் வாரம் அந்த லிஃப்ட் இரண்டு மாடி இறங்கி விழுந்தது. துப்புரவு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே போயிற்று. மேலதிகாரிக்கு இடமாற்றம் கிடைத்தது. இவருக்குச் சந்தேகம் கிடைத்தது. அதன்பிறகு இவர் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்டும் யாரையும் காயப்படுத்தவில்லை.

அவர் மனைவி நேர் எதிர். மருத்துவமனை ஒன்றில் துணிகள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர். கடைக்குப் போனால் காய்கறியைப் புரட்டிப் பார்க்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். அதில் பாதி சொத்தை என்று இவர் பொறுக்கி வைப்பார். "நான் எதையும் திருப்பிப் பாத்து வாங்கினதில்லை. உங்களையே அப்படித்தான் கட்டிக்கிட்டேன்," என்பார் அந்த அம்மாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இருவருக்கும் குழந்தை இல்லை. பக்கத்துத் தெருவில் மனைவியின் தம்பி இருந்தார், அச்சகத்தில் வேலை. குடும்பம் என்றால் இவ்வளவுதான்.

மனைவிக்கு ஐம்பத்து மூன்று வயதில் மார்பில் வந்த நோய், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான்கு வருடம் சும்மா இருந்தது. ஐந்தாவது வருடம் முதுகெலும்பில் தலைகாட்டியது. வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, பெரிய மருத்துவமனைக்கு வரவேண்டும் என்றார்கள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம்.

வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதில் ஏறும் காலம் போய்விட்டது. வாடகைக் கார் பிடித்தார்கள். ஒவ்வொரு வாரமும் வேறு கார், வேறு ஓட்டுநர். ஒன்றில் சீட் பள்ளமாக இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இன்னொன்று உயரம், ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் மனைவி கதவுக்கு மேலே இருந்த பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்கும் அவரிடம், "ஒண்ணுமில்லை, முன்னாடி பாருங்க," என்பார்.

"கார் வாங்கிடலாம்," என்று நான்காவது வாரம் அவர் முடிவெடுத்தார். அலுவலக ஜீப்பை ஓட்டிப் பழகிய கை. புதுக் கார் வாங்குகிற அளவுக்குச் சேமிப்பு இல்லை. பழையது வாங்கலாம், கொஞ்சம் நல்லதாகவே வாங்கலாம்.

ஜீப்பைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் போய் யோசனை கேட்டார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சின்ன வண்டி வேணாம் சார், குலுக்கும். சக்கர நாற்காலியை மடிச்சு வைக்க டிக்கியும் பத்தாது. உயரமான வண்டியும் வேணாம், அம்மாவால ஏற முடியாது. நடுத்தர செடானா பாருங்க. ஏழெட்டு வருஷம் ஓடினதா இருக்கலாம். ஒரே கையில இருந்த வண்டி, சர்வீஸ் பண்ணின சீட்டெல்லாம் வச்சிருக்கிற வண்டி. அது போதும்."

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். பார்க்க வேண்டியவை என்று நாற்பத்தேழு வரிகள். மைத்துனர் விளம்பரங்களைப் பார்த்துச் சொல்வார். சனிக்கிழமைதோறும் இவரும் மெக்கானிக்கும் போய்ப் பார்ப்பார்கள்.

முதல் கார் பளபளவென்று இருந்தது. இவர் கதவு கதவாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். வலதுபக்கப் பின்கதவில் மட்டும் சத்தம் அடைத்தாற்போல் இருந்தது. இடிபட்டு, பூசி, வண்ணம் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது கார் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று மீட்டர் சொன்னது. பிரேக் மிதியில் இருந்த ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. "மீட்டரைத் திருப்பலாம், மிதியைத் திருப்ப முடியாது," என்றார். மெக்கானிக்கே அசந்துபோனார். மூன்றாவது காரில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடியில், துணியில், ஒரு கோடு போல மண்கறை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. விற்க வந்தவர் முகம் செத்துப்போயிற்று.

"நீங்க இந்த வேலைக்கே வந்திருக்கலாம் சார்," என்றார் மெக்கானிக்.

நான்காவது, சாம்பல் நிறக் கார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவருடையது. எட்டு வருடம் ஒரே கை. ஒவ்வொரு சர்வீஸ் சீட்டையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். மனைவியையும் அன்று அழைத்துப் போயிருந்தார்கள். அந்த அம்மாள் முன்சீட்டில் யார் கையையும் பிடிக்காமல் தானாகவே உட்கார்ந்தார். சீட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மூலையில் ஒரு வேகத்தடை இருந்தது. ஏறி இறங்கியது. மனைவி கதவுப் பிடியைத் தொடவில்லை.

"இது போதுங்க," என்றார்.

மெக்கானிக் அவர் காதருகே வந்து, "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்," என்றார்.

அவரோ அட்டையை விரித்து, அதில் படுத்து, காருக்கு அடியில் போயிருந்தார். வெளியே வந்தபோது விரலில் எண்ணெய்.

"இஞ்சின்ல கசிவு இருக்கு."

"வால்வு மூடி ரப்பர் சார். அரை நாள் வேலை."

"ரப்பர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அனுபவம்தான். வேணும்னா துடைச்சு விட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாத்தா எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சுடும்."

அவர் துடைத்துவிட்டார். ஆசிரியையிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். "தாராளமா யோசிங்க. ஆனா வேற யாராவது வந்தா நான் நிறுத்தி வைக்க முடியாது," என்றார் ஆசிரியை. திரும்பும் வழியில் மனைவி வாடகைக் காரின் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை ஆசிரியை போன் செய்தார். கார் விற்றுவிட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து, பார்த்து, அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். கசிவு ரப்பரில்தான் என்று அவர்கள் கூட்டி வந்த மெக்கானிக் பார்த்துச் சொன்னதாகவும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒன்பது சனிக்கிழமைகள். எந்தக் காரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு குறை. சிலவற்றில் உண்மையான குறை; சிலவற்றில் அவர் தேடித் தேடிக் கண்டெடுத்த குறை. மைத்துனருக்கு அலுத்துவிட்டது. "மாமா, மனுஷன் செஞ்ச வண்டிதானே. எதையாவது ஒண்ணை எடுங்க. அக்கா ஒவ்வொரு வாரமும் அந்த வாடகை வண்டியில..." என்று இழுத்தார்.

"பாதி வழியில நின்னுட்டா? உங்க அக்காவை வச்சுக்கிட்டு நடுரோட்டுல என்ன பண்றது?"

அந்தக் கேள்வி நியாயமானது. நியாயமாக இருந்ததுதான் கேடாகப் போயிற்று.

பத்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, வாடகைக் கார் ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டே ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் விட்டார். வண்டி தூக்கி அடித்தது. மனைவி கத்தினார். முப்பது வருடத்தில் அந்த அம்மாள் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. முதலில் அது யாருடைய சத்தம் என்றே அவருக்குப் புரியவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது.

"இந்த நிலைமையில எலும்பு எப்ப வேணும்னாலும் இப்படி ஆகலாம். படுக்கையில புரண்டாலே ஆகும்," என்றார் மருத்துவர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எது உண்மை என்று இனி எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

மனைவி பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்தார். பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அன்று காலை அவர் தனியாகக் கிளம்பி, பழைய கார்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனார். நோட்டுப் புத்தகம் வீட்டிலேயே கிடந்தது. வாசலில் முதலாவதாக நின்ற வெள்ளை செடானின் முன்கதவைத் திறந்து, சீட் எவ்வளவு சாய்கிறது என்று மட்டும் பார்த்தார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரருக்கே மனசு கேட்காமல், "சார், இஞ்சினைப் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றார் அவர்.

விஷயம் தெரிந்ததும் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளைக் காரில் அவர்கள் ஏழு வியாழக்கிழமைகள் போனார்கள். நடக்கிற மனிதனின் வேகத்தில் வேகத்தடைகளை ஏறி இறங்கினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். சிலர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார்கள். மனைவிக்கு அதில் ஒரு வேடிக்கை. "இதுக்கு நீங்க லிஃப்டையே ஓட்டியிருக்கலாம்," என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. நன்றாக இருக்கும் நாட்களில் மனைவி துணியறைக் கதைகளைச் சொல்வார். காணாமல் போன நாற்பது தலையணை உறைகளின் கதை, நோயாளியின் போர்வையோடு சலவைக்குப் போய்விட்ட மருத்துவரின் கடிகாரத்தின் கதை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவற்றில் பாதியை அவர் கேட்டதில்லை.

ஐந்தாவது வியாழக்கிழமை, திரும்பும் வழியில், அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அந்தச் சாம்பல் வண்டியை நான் அன்னைக்கே எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

மனைவி மடியில் இருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார், விதி என்று சொல்வார் என்று அவர் காத்திருந்தார்.

"எடுத்திருக்கலாம்," என்றார் மனைவி. "அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்ப இல்லை." பிறகு, "வண்டியை எடுங்க. எனக்குப் படுக்கணும்," என்றார்.

அவர் வண்டியை எடுத்தார். ரோடு கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கை ஒழியவில்லை.

எட்டாவது வியாழக்கிழமைக்கு வேலை வைக்காமல் அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார். தம்பி தலைமாட்டில் இருந்தார். இவர் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியவர், முன்போலவே லிஃப்டின் கூரைமேல் ஏறினார். முன்போலவே கயிற்றைத் தடவினார். அங்கே அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளவும் கூடாது என்று அவருக்குத் தெரியும். பட்டப்பெயரைத்தான் யாரும் இப்போது சொல்வதில்லை.

மைத்துனர் ஒருநாள் வந்தவர், "அந்த வண்டியைக் குடுத்துடுங்களேன் மாமா. பாக்கப் பாக்க உங்களுக்குச் சங்கடம்தானே?" என்றார்.

"இருக்கட்டும்," என்றார். பிறகு, "பாதி வழியில நின்னுடுமோன்னுதான்டா பயந்தேன். வேற ஒண்ணும் இல்லை," என்றார்.

"தெரியும் மாமா."

"அவளுக்கும் தெரியுமா?"

மைத்துனர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். தெரியும் என்று சொல்லிவிட அவருக்கு ஆசைதான். அக்காவிடம் அதை அவர் கேட்டதில்லை.

ஆறு வருடம் ஆயிற்று. அவர் ஓய்வுபெற்றுவிட்டார். வெள்ளைக் கார் இன்றுவரை ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. மழையிலும் வெயிலிலும், சாவியைத் திருகினால் முதல் திருகிலேயே கிளம்பிவிடும். ஆரம்பத்தில் அது நிற்காதா என்றுகூட அவருக்குத் தோன்றியதுண்டு. ஒரு தடவை நின்றிருந்தால், தான் பயந்ததில் ஏதோ அர்த்தம் இருந்தது என்று ஆகியிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விடுவார். இந்தத் தடவையும் மெக்கானிக் அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"நல்ல வண்டி சார். எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"ஆமா. ஓடும்," என்று சொல்லிவிட்டு, அவர் சாவிக்குக் கையை நீட்டினார்.