தண்ணீர்க் கதவுக்குள் நான் போட்ட முடிச்சு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என்னை ஒல்லாந்தில் விட்டுவிட்டு வர அப்பாவும் அம்மாவும் திட்டம் போட்டார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டி, தலைமுடியில் பாதியைப் பறிகொடுத்து, ஒஸ்லோவின் ரொம்சோஸ் மாடிவீட்டில் இருந்துகொண்டு இன்றைக்கும் சொல்வேன்: என்னிடம் இருந்த சாட்சியங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

முதல் சாட்சியம் அந்தப் படகு. அப்பா வேலை செய்த பேக்கரியின் போர்மன் ஒல்லாந்தில் பழைய பாய்மரப் படகொன்றை வாங்கியிருந்தார். கோடை விடுமுறையில் அதை அங்கேயே கரையோரமாக ஒரு கிழமை ஓட்டிப்பார்க்கத் துணை தேடினார். அப்பா திருகோணமலைக்காரர். கடற்கரையில் பிறந்தவனுக்குப் பாய்மரம் தெரியாமல் இருக்குமா என்று போர்மன் தானாகவே முடிவுகட்டிவிட்டார். அப்பப்பா காலம் முழுக்கத் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர் என்பதை அப்பா வாய் திறந்து சொல்லவில்லை. குடும்பத்தோடு வருகிறோம் என்று மட்டும் சொன்னார். இதில் என்னை உறுத்தியது அம்மாதான். ஒஸ்லோவிலிருந்து அக்கரைக்குப் போகும் நெசொடன் படகில் அரைமணி நேரம் போவதற்கே தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொள்ளும் அம்மா, "ஓம், போவம்" என்று உடனே சம்மதித்தார்.

அடுத்தது தொலைபேசி. அம்மாவின் தங்கை, என் சித்தி, ஒல்லாந்தில் இருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளையில்லை. அந்தக் கோடையில் அம்மா அவரோடு நாள்தோறும் கதைத்தார். நான் குசினிக்குள் போனால் அம்மாவின் குரல் இறங்கும். எனக்கு விளங்கக்கூடாத கதைகளை அப்பாவும் அம்மாவும் எப்போதும் சிங்களத்தில்தான் கதைப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் வந்து போனவர்கள், இது சிங்களம் பேசும் கொழும்புக் குடும்பம் என்றே நினைத்திருப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் இது புதிதுமில்லை. அப்பாவின் அண்ணனைக் குழந்தையிலேயே அப்பப்பாவின் பிள்ளையில்லாத தங்கைக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். அவர் அடுத்த தெருவில் வளர்ந்து, பெற்ற தாயைக் கடைசிவரை "மாமி" என்றே கூப்பிட்டார். இதை அப்பா ஒரு பகிடிபோலச் சொல்வார். எனக்கு அந்தப் பகிடியில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

போதாக்குறைக்கு அம்மா காலையில் குசினித் தொட்டியில் சத்தி எடுத்தார். ரொம்சோசில் கடல் இல்லை, அலையும் இல்லை. பெற்ற பிள்ளையைக் கொடுக்கப்போகிற மனச்சாட்சிதான் வயிற்றைப் பிரட்டுகிறது என்று கண்டுபிடித்தேன்.

படகில் போர்மன் நோர்வேஜிய மொழியில் கட்டளையிடுவார், அப்பா தலையாட்டிவிட்டு வேறு கயிற்றை இழுப்பார். இரண்டாம் நாள் தண்ணீர் வற்றி, கடல் இருந்த இடத்தில் சேறு தெரிந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து ஆறு மணிநேரம் கிடந்தது. அங்கே அது வழமைதானாம். எனக்கோ, கடலும் இவர்களோடு கூட்டுச் சேர்ந்து தப்பும் வழியை அடைத்துவிட்டதாகப் பட்டது.

மூன்றாம் நாள், நான் நித்திரை என்று நினைத்து அவர்கள் தமிழிலேயே கதைத்தார்கள்.

"குடுத்தாப் பிறகு திருப்பிக் கேக்கேலாது. யோசிச்சுச் சொல்லு," என்றார் அப்பா.

"யோசிச்சிட்டன். அவள் என்ரை தங்கச்சிதானே," என்றார் அம்மா.

போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டேன். அன்றைக்கே நான் ஒல்லாந்து மொழியில் கணக்குப் பாடம் படிப்பதுபோலக் கனவும் கண்டேன்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர்க் கதவுக்கு வந்தோம். கடலையும் உள்கால்வாயையும் பிரிக்கும் பெரிய தொட்டி அது. முன்னும் பின்னும் இரும்புக் கதவு. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி, கால்வாயின் மட்டத்துக்குத் தண்ணீரை இறக்கி, பிறகு முன்கதவைத் திறப்பார்கள். கதவுக்கு அப்பால் சித்தியின் ஊர். சுவருக்கு மேலே, கையில் ஒரு பையோடு, சித்தியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

போர்மன் முன்கயிற்றைச் சுவரில் இருந்த குற்றியில் சுற்றி, நுனியை என்னிடம் தந்தார். கட்டாதே, கையில் பிடித்திரு, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடு என்று இரண்டு தரம் சொன்னார். பின்கதவு மூடியது. நான் கயிற்றைப் படகில் இறுக்கிக் கட்டினேன். ஒரு முடிச்சில் நம்பிக்கை வராமல் ஏழு முடிச்சுப் போட்டேன். படகு நகராவிட்டால் என்னை எப்படிக் கொடுப்பார்கள்?

தண்ணீர் இறங்கியது. சுவர் வளர்ந்தது. இரண்டு மாடி உயரம் இறங்கினோம் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். பெரியவனான பிறகு அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு மீற்றர் இருந்தால் பெரிது. ஆனால் படகின் மூக்கைக் கயிற்றில் தூக்கிவிட அது போதும். படகு கிறீச்சிட்டுச் சரிந்தது. சட்டி, கோப்பை, அப்பா, எல்லாம் ஒரு பக்கமாகப் போயின. அம்மா சறுக்கிப்போய்ப் பலகையில் இடித்தார். விழுகிறவர் எதையாவது பிடிப்பார். அம்மா எதையும் பிடிக்காமல் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு விழுந்தார்.

போர்மன் கத்தியால் கயிற்றை வெட்டினார். படகு தொப்பென்று நேரானது. நான் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னைக் குடுக்காதேங்கோ, என்னைக் குடுக்காதேங்கோ" என்று குளறினேன். கதவை இயக்குகிறவர் யன்னலால் எட்டிப்பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும், பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்று நினைத்திருப்பார்.

மேலே நின்ற சித்தி குனிந்து என்னைப் பார்த்தார்.

"உன்னை ஆரடா கேட்டது?"

கையும் களவுமாக அகப்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா எழும்பி உட்கார்ந்தார். கை வயிற்றிலேயே இருந்தது. பிறகு மேலே பார்த்து, "ஏலாதடி. என்னாலை குடுக்கேலாது," என்றார்.

சித்தி, "சரியக்கா," என்றார். அவ்வளவுதான். முன்கதவு திறந்தது.

நான் வென்றுவிட்டேன். அன்றிரவு சித்தி வீட்டில் இறால் குழம்போடு மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். என்னை விட்டுக்கொடுத்த சித்திமேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. இந்தப் பொடியன் போனால் போகட்டும் என்று சிரித்துக்கொண்டே இருக்கவேண்டியவர், அடிக்கடி எழும்பிக் குசினிக்குள் போய் வந்தார்.

காலையில் வெளிக்கிடும்போது அந்தப் பையை அம்மாவிடம் நீட்டினார். "கொண்டுபோங்கோ அக்கா. இஞ்சை கிடந்து என்ன செய்யிறது?"

படகில் நான் பையைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கம்பளியில் கையால் பின்னிய தொப்பி. என் தலையில் ஏறவில்லை. முழங்காலுக்குத்தான் சரிவந்தது. ஒன்பது வயதுப் பொடியனின் தலை எவ்வளவு என்றுகூடத் தெரியாதவரிடமா என்னைக் கொடுக்கப் பார்த்தார்கள் என்று நினைத்தேன்.

மார்கழியில் தங்கச்சி பிறந்தாள். ஒஸ்லோவில் முழங்காலளவு பனி. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்தபோது அந்தத் தொப்பியைப் போட்டிருந்தாள். அளவெடுத்துப் பின்னியதுபோல இருந்தது. என் அளவைப் பிழைவிட்டாலும் பின்னியது வீண்போகவில்லை, சித்தி அதிர்ஷ்டக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.