கிணற்றடி இங்கிலீஷ்

கல்யாணமாகி இரணியலுக்கு வந்த புதிதில், நாலுபேர் முன்னால் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை தமிழே இல்லை. அன்று விடுமுறை. மத்தியானம் நான் வைத்த உள்ளித் தீயலைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டவர், இலையை விட்டுத் தலை நிமிராமல், “எக்ஸ்ட்ராஆர்டினரி” என்றார். பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்த என் மாமியார், “என்னது மக்கா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் காரியம்.”

தீயலுக்குள் ஆபீஸ் காரியம் எப்படி வந்து விழுந்தது என்று அத்தை கேட்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. மோர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் ஓடிவிட்டேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். புருஷனும் பெண்டாட்டியும் பகல் வெளிச்சத்தில் நின்று பேசுவது வெட்கங்கெட்ட வேலை என்று இருந்த காலம். வீடு நிறைய ஆட்கள். எந்த மூலைக்குப் போனாலும் அங்கே யாராவது உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவர் தக்கலைத் தாலுக்கா கச்சேரியில் கிளார்க். நான் நாகர்கோவிலில் தங்கிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்துத் தேறியவள். என் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு தடித்த டிக்‌ஷனரி வந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. விளக்கு வைக்க உயரம் போதவில்லை என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சின்ன வார்த்தைகள் எங்களுக்கு உதவாது. ‘கம்’, ‘கோ’ எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். நீளமாக, மூச்சு வாங்க வைக்கிற வார்த்தைதான் பத்திரம். கச்சேரியில் எழுதி எழுதிக் கை மரத்துப்போன வாசகங்களையெல்லாம் அவர் சாயங்காலம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால், “ஃபார் ஃபேவர் ஆஃப் எர்லி ஆர்டர்ஸ்”. தயவுசெய்து சீக்கிரம் உத்தரவாக வேண்டும் என்று அர்த்தம். சுசீந்திரம் தேரோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆசை காட்டிவிட்டு முடியாமல் போனபோது, “அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்”. தவிர்க்க முடியாத சூழ்நிலையாம். எனக்கு மிகவும் பிடித்தது “வித் இம்மீடியட் எஃபெக்ட்”. இந்த உத்தரவு உடனே அமலுக்கு வருகிறது என்று கச்சேரியில் அர்த்தம். எங்கள் வீட்டில், குடத்தை எடுத்துக்கொண்டு உடனே கிணற்றடிக்கு வா என்று அர்த்தம். அங்கே ஒரு பலா மரம் உண்டு. அதன் மறைவில் நின்று, குடம் நிறைந்து வழிந்தபின்னும் கொஞ்ச நேரம் தமிழில் பேசிக்கொள்வோம்.

நானும் சும்மா இருக்கவில்லை. சட்டையில் வெற்றிலைக் கறையோடு அவர் வந்து நின்ற ஒரு நாள், “இன்கரிஜிபிள்” என்றேன். திருத்தவே முடியாத ஆள் என்று பொருள். அது கச்சேரியில் புழங்காத வார்த்தை. முகம் கழுவ வேண்டியவர் முதலில் விளக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு டிக்‌ஷனரியைப் புரட்டினார்.

இந்த விளையாட்டுக்கு நடுவில்தான் வேலை விஷயம் வந்தது. குமாரகோவிலுக்குச் சாமி கும்பிடப் போன இடத்தில், எனக்கு முன்பு பாடம் எடுத்த டீச்சரைப் பார்த்தேன். அவர் அப்போது தக்கலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை டீச்சர். ஓணம் விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும்போது ஓர் இடம் காலியாகும், வீட்டில் சம்மதித்தால் நீ வா, ஓணத்துக்கு முன்னால் பதில் சொல்லிவிடு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்ததெல்லாம் பயறு உடைப்பதோடு போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவள் நான். எதற்கும் அதற்கு முன் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பலா மரத்தடியில் அவரிடம் சொன்னேன். “கொள்ளாமே, நல்ல காரியம்! அம்மைக்கிட்ட நான் கேக்கேன்” என்றார். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் வேலைக்குப் போகிறேன் என்று தானாக வாயைத் திறக்க முடியாது. மகன்தான் கேட்க வேண்டும்.

அடுத்த நாள் சோறு போடும்போது கண்ணாலேயே கேட்டேன். “அண்டர் கன்சிடரேஷன்” என்றார். பரிசீலனையில் இருக்கிறது. சரி, அத்தை யோசிக்கிறார் போலிருக்கிறது என்று இருந்தேன். அடுத்த வாரமும் அண்டர் கன்சிடரேஷன். கிணற்றடியில் தமிழில் கேட்டாலும் பதில் அதுதான். ஆடி போய் ஆவணி பிறந்தும் அதே அண்டர் கன்சிடரேஷன்தான். அத்தை மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இஷ்டமில்லை என்றால் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இந்த மனுஷனாவது இன்னொரு தடவை கேட்கக் கூடாதா? பொறுக்க மாட்டாமல், இலையில் பப்படத்தை வைக்கிற சாக்கில், “ப்ராக்ராஸ்டினேஷன்!” என்று சிடுசிடுத்தேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற குணத்துக்கு இங்கிலீஷில் அத்தனை நீளப் பேர்.

“அது என்னது மக்கா?” என்றார் அத்தை.

“அது நெலவரி மாதிரி ஒரு கரம்மா. சர்க்கார் புதுசா போட்டிருக்கு.”

“நாம கெட்டியாச்சா?”

“கெட்டணும்” என்றார், பப்படத்தை நொறுக்கிக்கொண்டே.

மறுநாள் அவர் கச்சேரிக்குப் போனபிறகு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏட்டி, அந்தக் கரம் சர்க்கார் கேக்கதா, நீ கேக்கதா?”

துருவியின் பல் என் விரலைக் கீறிவிட்டது.

“எனக்கு அவனுக்க இங்கிலீசு தெரியாது. மொகம் தெரியும்லா? அவன் அந்த அண்டர் கண்டரேசனப் பறஞ்ச அன்னைக்கு நீ சரியா திங்க மாட்டே. என்னத்தையோ ஒனக்குத் தராம இழுக்கான். என்னது மக்ளே, நகையா?”

“நகை இல்லத்தே” என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சம்மதிக்க வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன் என்று முடித்தேன்.

“நான் சம்மதிக்கவா? எங்கிட்ட யாருட்டி கேட்டா?”

பரிசீலனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மாவிடம் வாயைத் திறக்கப் பயம். அத்தனை நாளும் அத்தை மேல் வளர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த நிமிஷமே தக்கலைக் கச்சேரிக்குக் கிளம்பிப் போனது.

அன்று சாயங்காலம் அவர் இலைமுன் உட்கார்ந்து முதல் உருண்டையை எடுத்தார். அத்தை விசிறியைக் கீழே வைத்தார்.

“ஏலே, அண்டர் கண்டரேசன்னா என்னது?”

“அது… ஆபீஸ் காரியம்மா.”

“எந்த ஆபீசு? இந்த ஆபீசுக்குப் பெரிய எசமான் நான்லா? எங்கிட்ட ஒண்ணும் வரல்லியே!”

உருண்டை அப்படியே கையில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா அவளுக்கு வெசனமாவும்லா, அதான்…”

“அதுக்கு நான் பறயதுக்கு முன்னயே நீயா வேண்டாம்னு வச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். “காலத்த அடுப்ப நான் பாத்துக்கிடுதேன், சாயந்திரம் நீ பாரு. தீயல் மட்டும் எப்பவும் நீதான் வைக்கணும். நாளைக்கே தக்கலைக்குப் போயி அந்த டீச்சர்கிட்ட வாறேன்னு சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி, உதட்டைக் கூட்டி, “வித்திம்மீடியட் எபெட்டு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்குப் புரையேறிவிட்டது. அத்தை மகனின் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

“என்னலே முழிக்கே? ஒடனே போணும்னுதானே அதுக்கு அர்த்தம்? நீ பறஞ்சு வாய மூடதுக்குள்ள இவ கொடத்தத் தூக்கிட்டுல்லா ஓடுதா! ஒரு கொடம் வெள்ளம் கோர இம்புட்டு நேரமான்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?”

மறுநாள் காலையில் தெருவே பார்க்க அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்து தக்கலைக்குப் போனேன். வழி நெடுக அவர் நல்ல தமிழிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அண்டர் கன்சிடரேஷன் என்று சொன்னேன். கச்சேரி வாசலில் அவரை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்வரை அதையேதான் சொன்னேன்.