தலைமையாசிரியை அறைக்குள் நாலு ஆறு

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்தவளை எல்லாரும் ‘மேடுபள்ளம் டீச்சர்’ என்றே கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வைத்த பேர்தான்; அவளுக்கு அதில் வருத்தமில்லை. எதைப் பார்த்தாலும் அவள் கண்ணுக்கு நிலமாகத்தான் தெரியும். தையற்கடைக்காரரான கணவர் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தால், “பீடபூமி கொஞ்சம் தள்ளிப் படுங்க, பெருக்கணும்” என்பாள். பீடபூமியும் முனகிக்கொண்டே தள்ளிப் படுக்கும்.

தீவான அந்த நாட்டின் நில அமைப்புப் பாடம் மட்டும் பிள்ளைகள் மண்டையில் ஏறவே இல்லை. நடுவில் மலைநாடு, அதைச் சுற்றிச் சமவெளி, ஓரத்தில் கடற்கரை. மலையில் பெய்யும் மழை ஆறுகளாகி நாலா பக்கமும் இறங்கிக் கடலில் சேரும். தொண்டை கட்டும்வரை சொன்னாள். பரீட்சைத் தாளில் பாதிப் பேர் ஆற்றைக் கடலிலிருந்து மலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“இதுங்களுக்கு வாயால சொன்னா ஆகாது. செஞ்சே காட்டிடறேன்” என்று கணவரிடம் சொன்னாள்.

பள்ளி முற்றத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குக் களிமண்ணால் நாடு எழும்பியது. கரையோரம் மணல் தூவினாள். கடலுக்குக் கணவர் கடையின் நீல வெட்டுத்துணிகள். பிள்ளைகள் சுற்றி நிற்க, பூவாளியால் மலையுச்சியில் மழையைப் பெய்வித்தாள்.

முற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை யாரும் கவனித்ததில்லை. நாலு ஆறும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல ஒரே பக்கம் திரும்பி, கடலையும் தாண்டி, தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தன.

“யாரு இங்க தண்ணி கொட்டினது?” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“மலைநாட்டுல மழை மேடம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

செருப்பைக் கையில் தூக்கியபடி தலைமையாசிரியை வெளியே வந்தார். டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது.

“நாலு பக்கமும் போகவேண்டிய ஆறு மேடம். எல்லாம் உங்க பக்கமே வந்துடுச்சு.”

திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. “முதல்ல நாட்டை நிமிர்த்துங்க” என்றார்.

மறுநாள் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தாள். அது உருளாமல் நிற்கும்வரை பலகைக்கு அடியில் அட்டையைச் செருகினாள். பிறகு நாட்டை மறுபடி கட்டினாள்.

“கொடுங்க, நான் ஊத்தறேன்” என்று தலைமையாசிரியை பூவாளியைப் பறிக்காத குறையாக வாங்கினார். ஆறுகள் நாலு பக்கமும் ஓடின. பிள்ளைகள் குதித்தார்கள். உற்சாகத்தில் அவர் பக்கத்தில் இருந்த வாளியையே தூக்கிக் கவிழ்த்துவிட்டார். மலைநாடு பொதக்கென்று சரிந்து சமவெளியை மூடியது.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பிள்ளைங்களா, அடுத்த பாடம் மண்ணரிப்பு. மேடமே நடத்தி முடிச்சுட்டாங்க.”

தலைமையாசிரியை அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மலையை அள்ளப் பிள்ளைகளோடு குந்தி உட்கார்ந்தார்.