மாமாவுக்கு டிரான்ஸ்ஃபர்

எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபர் என்றால் நல்ல செய்திதான். திருநின்றவூரில் எங்களைப் போல வாடகைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர், யார் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பக்கம் மாற்றல் வாங்கி வந்தவர்கள். அதனால், "தம்பியை நம்ம நாட்டுக்கே டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டாங்களாம்" என்று போனை வைத்துவிட்டு அம்மா அழுததும், எட்டு வயதுக்காரி நான் ஒரே ஓட்டமாகக் கீழே போய் ஹவுஸ் ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மாமா ஒரு பாலைவன நாட்டில், அங்கே முகாம் போட்டிருந்த வேறொரு நாட்டு ராணுவத்துக்குச் சமைக்கப் போனவர். யாரோ செய்த குற்றத்துக்கு அந்த ராணுவத்துக்காரர்களே இவரையும் சேர்த்துப் பிடித்து, கேஸும் இல்லாமல் கோர்ட்டும் இல்லாமல் வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். எனக்குச் சொல்லியிருந்ததோ, மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று.

ஓனரம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "சொந்த ஊருக்கேவா! யாரைம்மா புடிச்சீங்க?"

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "நாங்க எங்கே புடிச்சோம்க்கா? அவனைத்தான் புடிச்சாங்க."

விஷயத்தைக் கேட்டதும் ஓனரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா நீ, இத்தினி நாளா வாயே தொறக்கல! என் மருமக வக்கீலாத்தானே கீறா?"

மாமாவை ஏர்போர்ட்டிலிருந்தே போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அங்கே வைத்திருந்த மாதிரி இங்கேயும் வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அப்பா நடுங்கினார்.

"அதெல்லாம் அவங்க இஷ்டத்துக்கு வெச்சுக்க முடியாது சார்" என்றார் அந்த வக்கீல் அக்கா. "அங்க எந்தக் கோர்ட்டும் தண்டனையே குடுக்கல. இங்க எதை அனுபவிக்கிறது? புடிச்சா ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும். வாங்க, போய்க் கேப்போம்."

கேட்டார்கள். மாமா மேல் இங்கே எந்தக் கேஸும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மாஜிஸ்ட்ரேட் சொல்லிவிட்டாராம்.

மாமா வந்ததும் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது. எனக்குத்தான் அதிகக் கொண்டாட்டம். ஏனென்றால் மாமா எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார். பாத்ரூம் போகட்டுமா, லைட்டை அணைக்கட்டுமா, கதவைத் திறக்கட்டுமா? அம்மாவிடம் கேட்டால் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். என்னிடம் கேட்டாலோ, நான் எங்கள் டீச்சர் மாதிரி, "சரி, போகலாம். சீக்கிரம் வரணும்" என்பேன். பெரியவர்கள் யாரும் அதுவரை எனக்கு அப்படியொரு மரியாதை கொடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா பாட்டுக்குக் கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! நேரே சமையலறைக்குப் போய், "அம்மா, மாமா யாரையும் கேக்காமலே வெளியே போயிட்டார். வந்ததும் நல்லாத் திட்டு" என்று வத்தி வைத்தேன்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினாள். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைத் தூக்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். நான் சொன்னதை இவள் காதில் வாங்கினாளா இல்லையா என்று, ஈரக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.