ஒன்பதாயிரம் கிலோமீட்டரும் எட்டு நிமிஷமும்

போன ஞாயிற்றுக்கிழமை டிஃபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். சிரிக்காதீர்கள்... செகந்திராபாத் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது பழக்கதோஷம். சொந்தக்காரர் யாராவது ரயிலில் நம் ஊரைக் கடந்தால், பத்து நிமிஷ ஹால்ட்டுக்குள் ஜன்னல் வழியே சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

இந்த முறை கடந்து போனது என் அக்கா. மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஹைதராபாத். இங்கே இறங்கிக் கோயம்புத்தூருக்கு வேறு விமானம். என் மகன் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை என்று நான் கோபித்துக்கொண்டேன். நான் கோபித்ததற்காக அவள் கோபித்துக்கொண்டாள். ஆறு வருஷமாகப் பேச்சே இல்லை! திடீரென்று ஒரு மெசேஜ்: "ஞாயிறு 11.05க்கு இறங்கறேன். 1.30க்கு அடுத்த ஃப்ளைட். முடிஞ்சா வா."

முடிஞ்சாவா? அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

என் கணவர் ரிட்டயர்டு ரயில்வே கார்டு. வெப்சைட்டைப் பார்த்து, "ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்! ஒரு மணிக்குக் கிளம்பி பதினொண்ணுக்கு வர்றாங்க. பத்தே மணி நேரம்!" என்றார்.

"அந்த ஊர் மணி வேறங்க."

"நக்கோ, அதெல்லாம் கெடையாது! நம்ம ரயில்வேல தேசம் பூரா ஒரே மணிதான்."

11.05க்கு வண்டி நின்றால் 11.10க்கு ஆள் வெளியே... இதுவும் அவர் கணக்குதான். நானும் நம்பினேன். எட்டரைக்கே சைனிக்புரி வீட்டிலிருந்து கிளம்பிவிட்டோம்.

விமானம் டயத்துக்கு இறங்கியது. அக்காதான் வரவில்லை! இமிக்ரேஷன் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு... பதினொன்றரை ஆச்சு, பன்னிரண்டும் ஆச்சு. "கைக்கு? ஏன் இவ்ளோ லேட்டு?" என்று ஹைதராபாத் உருது கலந்து கேட்டபடி கணவர் வாட்சைத் தட்டினார். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவள், கடைசி முந்நூறு மீட்டரில் மாட்டிக்கொண்டாளே! இன்றைக்குப் பார்க்காவிட்டால் இனி எப்போது?

12.22. கண்ணாடிக் கதவு திறந்தது. அக்கா!

கோயம்புத்தூர் ஃப்ளைட்டின் செக்-இன் கவுன்ட்டர் மூட எட்டே நிமிஷம். டிராலியைப் பிடுங்கிக்கொண்டு கணவர் முன்னால் ஓட, பின்னால் நாங்கள் இருவரும் அழுதுகொண்டே ஓடினோம்.

"ஏண்டி, இப்படி இளைச்சுட்டே?"

"நீ மட்டும் என்னவாம்? முட்டி வலி எப்படி இருக்கு?"

"அதை விடு. கல்யாணத்துக்கு நான் வராதது தப்புடி."

"போன்ல நான் கத்தினதும் தப்புதான்க்கா. எலுமிச்சம்பழ சாதம் வெச்சிருக்கேன், உள்ளே போனதும் சாப்பிட்டுடு."

பிளாட்பாரத்தில் வளர்ந்த பெண்களாச்சே... கல்யாணம், சாவு, பேரன், பிரஷர் மாத்திரை எல்லாம் லிஃப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் பேசி முடித்துவிட்டோம்! வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனவள், திரும்பி நின்று கேரியரை உயர்த்திக் காட்டினாள். நான் கேவிக் கேவி அழுதேன். அத்தனை சந்தோஷம்!

காரில் வரும்போது கணவருக்கு ஒரே வருத்தம். "அரை நாளாவது கெடைச்சிருக்கணும், பாவம்" என்றார்.

நல்லவேளை, கிடைக்கவில்லை. அரை நாள் கிடைத்திருந்தால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி மறுபடி சண்டை போட்டிருப்போம்!